ரெட்டைப்புள்ள நோட்டு

எனக்கு நரம்பு பலமானது என்று ஒரு டாக்டர் எட்டு வருடம் எழுதி வைத்திருந்தார். என் தங்கைக்கு நரம்பு பலவீனம் என்று அதே எட்டு வருடம், அதே பேனாவால் எழுதி வைத்திருந்தார். அதைத் தப்பு என்று காட்டப் போய்த்தான் எனக்கு வந்த முதல் வரன் தட்டிப்போனது. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்மேல் இரக்கப்படலாம் என்று யாராவது நினைத்தால் வேண்டாம்.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. கடலை, கம்பு, ஒரு ஓரமாகப் பருத்தி. எங்கள் இருவருக்கும் ஒரே முகம், ஒரே உயரம், குரல்கூட ஒன்றுதான். அம்மா எதற்காவது கூப்பிட வேண்டுமென்றால் பெயரைச் சொல்லாமல் "ஏ புள்ள" என்பாள். எவள் திரும்பினாலும் அவளுக்கு வேலை நடந்துவிடும்.

நாற்பதுகளின் தொடக்கம், யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மெட்ராஸில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் அரியலூரில் வந்து குடியேறினார். வீட்டின் முன்னறையில் வைத்தியம் பார்த்தார். அவருக்கு வைத்தியத்தைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் உள்ள இரட்டைப் பிள்ளைகளை எல்லாம் ஒரு பெரிய ரிஜிஸ்டரில் பதிய வேண்டும், வருடா வருடம் வரவழைத்து அளக்க வேண்டும், யாருக்கு என்ன நோய் வருகிறது, யாருக்கு என்ன குணம் வருகிறது என்று அவர்கள் கிழவர்கள் ஆகும்வரை எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சோற்றைத் தின்று ஒரே வீட்டில் வளர்ந்தும் ஒருவருக்கு வருவது மற்றவருக்கு வராமல் போனால் அதற்கு என்ன காரணம்? பெரிய தேசங்களில் இப்படிக் கேட்கிறார்களாம். அப்பாவிடம் அதைச் சொன்னபோது டாக்டரின் கண் அப்படி மின்னியது. கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் அப்பா முதல் வருடமே எங்களை அழைத்துக்கொண்டு திரும்பியிருப்பார்.

அவருடைய கம்பவுண்டர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் "ரெட்டைப் புள்ள இருக்கா?" என்று விசாரித்தார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் எல்லோரும் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். வருகிற பிள்ளைக்கு ஆழாக்குச் சர்க்கரை கொடுக்கிறார் டாக்டர் என்று தெரிந்ததும் கதை மாறிவிட்டது. ரேஷனில் சர்க்கரை கண்ணில் படாத நேரம் அது. செந்துறைப் பக்கத்திலிருந்து ஒருத்தி தன் மகனையும் கொழுந்தன் மகனையும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக் கூட்டிவந்து நிறுத்தினாள். ஒருவன் கறுப்பு, ஒருவன் சிவப்பு, ஒரு சாண் உயர வித்தியாசம். டாக்டர் சிரித்துவிட்டு இரண்டு பேருக்கும் சர்க்கரை கொடுத்து அனுப்பினார்.

எங்களுக்கு அப்போது ஏழு வயது. முன்னறையில் போய் நின்றதும் கம்பவுண்டர் பேனாவைத் தொட்டுக்கொண்டு, "மூத்தது எதும்மா?" என்றார். அம்மா என்னைக் காட்டினாள். ரிஜிஸ்டரில் ஒரு ஜோடிக்கு எதிரெதிரே இரண்டு பக்கம். இடது பக்கத்தில் "மூத்தவள்" என்று போட்டு என்னை எழுதினார். வலது பக்கத்தில் "இளையவள்" என்று போட்டு அவளை எழுதினார். எங்கள் ஊரில் அதற்கு ரெட்டைப்புள்ள நோட்டு என்று பெயர் ஆகிவிட்டது.

தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு வண்டி கட்டிக்கொண்டு போவோம். மண்டையைச் சுற்றி நாடா பிடிப்பார்கள். தராசில் ஏற்றுவார்கள். முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டுவார்கள். பிறகு அம்மாவிடம் கேள்வி. எது முதலில் கோபப்படும், எது அதிகம் தூங்கும், எது நகம் கடிக்கும், எது பொய் சொல்லும். அம்மா சொல்லச் சொல்ல டாக்டர் தம் கையாலேயே எழுதுவார். பொய் சொல்வது நான் என்று அம்மா முதல் வருடமே காட்டிக் கொடுத்துவிட்டாள்.

அந்த முதல் வருடத்தில்தான் விஷயம் ஆரம்பித்தது. பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்பதையும் எழுத வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எங்களைப் பெற்றதும் அவளுக்கு ஜன்னி கண்டு பத்து நாள் நினைவே இல்லையாம். பிரசவம் பார்த்த மருத்துவச்சி செந்துறைப் பக்கத்துக்காரி. கம்பவுண்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவளிடம் கேட்டு எழுதி வந்தார். அடுத்த முறை போனபோது டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்தார். தனியாக என்றால் நாங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிற அளவுக்குத் தனியாக.

"உங்க சின்னப் பொண்ணு பொறந்தப்ப மூச்சு விடல. ரெண்டாம் நாள் மூணு தடவை வலிப்பு வந்திருக்கு. பெரிய மனுஷி ஆகிற சமயத்துல திரும்ப வரலாம். ஜாக்கிரதையா பாத்துக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து என் தங்கை கண்ணாடிச் சாமான் ஆகிவிட்டாள். கிணற்றங்கரைக்குப் போகக்கூடாது. புளிய மரத்தில் ஏறக்கூடாது. உச்சி வெயிலில் கடலைக் காட்டுக்குள் நிற்கக்கூடாது. அப்பா ஆசையோடுதான் செய்தார், அம்மா பயத்தோடுதான் செய்தாள். காவல் வேலை எனக்கு வந்தது. அதை நான் மனப்பூர்வமாகச் செய்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். வாத்தியார் அவளைக் கேள்வி கேட்டால் நான் எழுந்து பதில் சொல்வேன். அவள் கிட்டிப்புள் ஆட வந்தால் "போயி ஒக்காரு" என்று துரத்துவேன். யாராவது அவளைக் கேலி செய்தால் போய் அறைந்துவிட்டு வருவேன். அப்படி அறைந்ததையும் அம்மா டாக்டரிடம் சொன்னாள். "தைரியம், தலைமைக் குணம்" என்று இடது பக்கத்தில் எழுதினார் அவர்.

அவள் அமைதியானவள்தான். ஆனால் எதிலாவது மனம் பதிந்துவிட்டால் நகர மாட்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை பிடித்தது. எட்டாவது பாஸ் செய்தால் திருச்சியில் டிரெயினிங் ஸ்கூலில் சேரலாம், ஹாஸ்டலில் இருந்து படிக்கலாம் என்று எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கு அப்படி ஒரு ஆசையும் இல்லை. அவள் போகிறாள் என்றால் நானும் போவேன், அவ்வளவுதான். இருவரும் பாஸ் செய்தோம். அவள் பள்ளிக்கூடத்தில் முதல், நான் எங்கோ நடுவில்.

விண்ணப்பத்தோடு டாக்டர் சர்டிபிகேட் வைக்க வேண்டும். அப்பாவுக்கு அரியலூரில் தெரிந்த டாக்டர் அவர் ஒருவர்தான். ஆனி மாதம் நாங்கள் மூவரும் போய் நின்றோம். எனக்குத் தலையை நிமிர்த்தாமலே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு ரிஜிஸ்டரைப் பிரித்தார். வலது பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இந்தப் பொண்ணுக்கு நான் எழுதித் தர முடியாது. ஹாஸ்டல்ல நினைவு தப்பி விழுந்தா யாரு பதில் சொல்றது? வீட்டோட இருக்கட்டும்" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். என் தங்கை, "சரிங்க சார்" என்றாள்.

அந்த "சரிங்க"தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அழுதிருந்தால்கூட விட்டிருப்பேன். அந்த ஆனி வரைக்கும் அவளுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை. பெரிய மனுஷி ஆகி ஒரு வருடமும் தாண்டியாயிற்று. "அவளுக்கு வலிப்பு வந்துச்சுன்னு யாரு சார் பாத்தா?" என்றேன். அப்பா என் தோளை அழுத்தினார். மருத்துவச்சி பார்த்தது, கம்பவுண்டர் எழுதியது என்று டாக்டர் பொறுமையாகவே சொன்னார். "அப்ப நான் அந்தம்மாகிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அம்மாதான் என்னைக் கூட்டிப்போனாள். தன் பிள்ளைகள் பிறந்த கதை அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது. செந்துறை பஸ்ஸில் போய் இறங்கி, வழி கேட்டு நடந்தோம். மருத்துவச்சி வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும், "பொழச்சுக்கிட்டியா நீ!" என்றார், ஏதோ போன வாரம் பிரசவம் பார்த்தது போல.

அம்மா கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை.

"மொதல்ல வந்தது கத்திக்கிட்டே வந்துச்சு. ரெண்டாவதா வந்ததுதான் மூச்சே வுடல. நீலம் பூத்துப் போச்சு. காலைப் புடிச்சுத் தொங்கவுட்டு முதுவுல அடிச்சேன். மறுநாளு வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துச்சு, மூணு தரம். அப்பறம் ஒண்ணுமில்ல, பாலைக் குடிச்சிட்டுத் தூங்கிருச்சு. மாறிப் போயிரக் கூடாதுன்னு அது கையிலதான் கறுப்புக் கயிறு கட்டினேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு நினைவு திரும்பியபோது கறுப்புக் கயிறு கட்டியிருந்தது என் கையில்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகளில் கடைசியாக வெளியே வருகிற பிள்ளைதான் மூத்தது. முதலில் உள்ளே போய் இடம் பிடித்தது அதுதான். பஸ்ஸில் முதலில் ஏறி உள்ளே தள்ளிப்போய் உட்கார்ந்தவர் கடைசியில்தானே இறங்க முடியும், அப்படி ஒரு கணக்கு. அதனால் இரண்டாவதாகப் பிறந்த நான் அக்கா, முதலில் பிறந்த அவள் தங்கை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். சைக்கிளில் வந்த கம்பவுண்டருக்கு மட்டும் தெரியாது. அவர் கும்பகோணத்துக்காரர். எங்கள் வீட்டில் "மூத்தது எது" என்று கேட்டு என்னை இடது பக்கம் எழுதினார். மருத்துவச்சியிடம் "எந்தப் பிள்ளைக்கு வலிப்பு" என்று கேட்டார். "ரெண்டாவது" என்றதும் இளையவள் என்று முடிவு செய்து வலது பக்கம் எழுதினார். என் வலிப்பு அவள் பக்கத்துக்குப் போய்விட்டது.

"ரெண்டாவதுன்னா எளையவன்னு எந்த ஊருல சொல்றாங்க?" என்று மருத்துவச்சி ஒரு புளியங்கொட்டையைத் தூர எறிந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் காதோடு பேசினாள். ஆவணியில் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "வாய மூடிக்கிட்டு இரு. அவளுக்கு இல்லன்னு மட்டும் சொல்லிக்கலாம். ஒனக்குன்னு எதுக்குச் சொல்லணும்? வெளிய தெரிஞ்சா ஒன்ன எவன் கட்டுவான்?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மருத்துவச்சி சொன்னதில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை எப்படி மறைப்பது? இரண்டு பிள்ளையில் ஒன்றுக்கு வலிப்பு வந்தது நிஜம். அவளுக்கு இல்லை என்றால் அது எனக்குத்தான். அதைச் சொன்னால் அவள் திருச்சிக்குப் போவாள், நான் வீட்டில் இருப்பேன். சொல்லாவிட்டால் நான் போவேன், அவள் இருப்பாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் அப்பாவிடம் கொட்டினேன். தங்கை முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. நான் முடித்ததும், "அப்ப எனக்கு ஒண்ணுமில்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே அப்பாவை இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன், அவரோ சந்தோஷப்பட்டார்! "பிரமாதம். ரொம்ப முக்கியமான திருத்தம்" என்று சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். வலது பக்கத்தில் வலிப்பு என்று எழுதியிருந்ததை அடித்து இடது பக்கத்தில் எழுதினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் பார்த்த விதமே மாறியிருந்தது. "உனக்குத் தலை சுத்துமா? கையில இருக்கிற சாமான் நழுவிப் போறதுண்டா?" என்றார்.

"அதெல்லாம் நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்களே சார். ரெண்டு பக்கத்தையும் சத்தமாப் படிங்க" என்றேன்.

அப்பா அதட்டினார். ஆனால் டாக்டர் படித்தார். நான் நகம் கடித்ததற்கு "துறுதுறுப்பு". அவள் நகம் கடித்ததற்கு "நரம்புத் தளர்ச்சியின் அறிகுறி". நான் சிலேட்டை உடைத்ததற்கு "துடுக்கு". அதே வருடம் அவள் சிலேட்டை உடைத்ததற்கு "கை நடுக்கம்". நான் பேசிக்கொண்டே இருந்தால் "கூர்மை". அவள் பேசாமல் இருந்தால் "மந்தம்". பள்ளிக்கூடத்தில் முதலாக வந்தவளுக்கு மந்தம்! வருடம் வருடமாகப் படித்துக்கொண்டு வந்தவரின் குரல் மெல்ல இறங்கியது. கடைசியில் நிறுத்திவிட்டு, "கையெழுத்து என்னுதுதான்" என்றார்.

அவளுக்குச் சர்டிபிகேட் எழுதினார். எனக்கு ஏற்கெனவே கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்.

"ரெண்டு வருஷம் பார்த்துட்டுத் தரேன்மா."

"எட்டு வருஷமா பாத்தீங்களே சார், அது பத்தலையா?"

காகிதத்தை அவர் மேஜை மேல் வைத்தேன். "இனிமே தை மாசம் நாங்க வரமாட்டோம். அளந்தது போதும்" என்றேன். கம்பவுண்டர் வழக்கம்போலச் சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினார். வாங்காமல் இறங்கினோம். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

இப்போது பெரிய பெரிய தேசங்களில் இரட்டையர்களை ஆயிரக்கணக்கில் பதிந்து வைத்து ஆராய்கிறார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறேன். செய்யட்டும். எழுதிப் பார்ப்பதற்கு நான் விரோதி இல்லை. அந்த டாக்டர் கேட்ட கேள்வியும் நல்ல கேள்விதான். ஆளைப் பார்த்து எழுத வேண்டியவர், முதல் வரியைப் பார்த்து ஆளை எழுதினார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜெயங்கொண்டத்துக்காரர்கள் வரவில்லை. எப்படியோ சேதி போயிருந்தது. போகட்டும் என்றேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் பெரம்பலூரில் வேறொரு டாக்டரிடம் போனேன். பிறந்த இரண்டாம் நாள் வலிப்பு வந்ததாம் என்று நானே சொன்னேன். "அதுக்கப்பறம்?" என்றார். "கோவம்தான் வரும்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நானும் டீச்சரானேன். இந்த வயது வரைக்கும் எங்கள் இருவரில் ஒருத்திக்கும் வலிப்பு வரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. தங்கை திருச்சிக்குக் கிளம்பிய அன்று அரியலூர் ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். அப்பா டிக்கெட் எடுக்கப் போனார். பிளாட்பாரத்தில் அவளும் நானும் அவளுடைய பெட்டியும். மனசுக்குள் எனக்கு ஒரே கர்வம். என் படிப்பையும் என் கல்யாணத்தையும் தூக்கிப் போட்டு இவளை ரயில் ஏற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததால் நானே பேசிக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் மாடியில் படுக்காதே. கிணற்றில் தண்ணீர் சேந்தாதே, யாரையாவது சேந்தித் தரச் சொல். வெயிலில் நிற்க வைத்தால் முடியாது என்று சொல்லிவிடு.

ரயில் வந்து நின்றது. நான் பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள். முறைத்துப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் அதற்குமுன் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்.

"டாக்டரு வருசத்துக்கு ஒரு நாளுதான் எழுதினாரு. நீ தெனம் எழுதின" என்றாள்.

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். பிளாட்பாரப் பக்கம் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தும், எதிர்ப் பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தாள்.